கணினியின் ஓட்டையும் காலத்தே இடும் ஒட்டும்

 

பள்ளியில் கணினி அறை இருக்கின்றது; தோட்டத்து வீடுகளில் கைப்பேசி இருக்கின்றது. அவற்றின் திரையில், புதுப்பித்தல் வந்துள்ளது, இப்பொழுது நிறுவலாமா என்று கேட்கும் அறிவிப்பு அவ்வப்பொழுது தோன்றுவதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். 'பிறகு பார்க்கலாம்' என்று அதனை ஒதுக்கிவிடுவோர் பலர். அவ்வறிவிப்பின் பொருள் யாது, அதனை ஒதுக்குவதனால் விளையும் கேடு யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஓட்டை என்பது யாது?

கணினியின் உறுப்புகள் அனைத்தையும் மேற்பார்வையிட்டு நடத்தும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ், ஆண்டிராய்டு ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை. இவை கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்பட்ட நிரல்களால் ஆனவை. மனிதர் எழுதும் எதிலும் பிழை நேர்வது இயல்பு. அப்பிழைகளுள் சில, அயலார் நம் கணினிக்குள் நுழைய வழி திறந்துவிடுகின்றன. இவற்றையே பாதுகாப்பு ஓட்டைகள் என்கின்றோம். ஓட்டை தெரிய வந்ததும், அதனை அடைப்பதற்கு நிறுவனத்தார் எழுதி அனுப்பும் திருத்தமே ஒட்டு. கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவது போன்றதே இது.

ஓட்டை எவ்வாறு தோன்றுகின்றது என்பதற்கு ஒரு சான்று காண்போம். கோப்புகளைக் கணினிக்குக் கணினி பகிர்ந்துகொள்ள உதவும் பழைய பகுதி ஒன்று விண்டோசில் இருந்தது. வந்து சேரும் செய்தியின் அளவைக் கணக்கிடுவதில் அப்பகுதி பிழை செய்தது. பத்து லிட்டர் பாலுக்கு ஐந்து லிட்டர் வாளியைக் கொடுத்தால் மிகுதிப் பால் வழிந்தோடும் அன்றோ? அதுபோலவே, ஒதுக்கிய இடத்தில் அடங்காத செய்தி, நினைவகத்தின் பக்கத்து இடங்களிலும் வழிந்து பதிந்தது. வஞ்சகர் அவ்வாறு வழியும் பகுதியில் தம் கட்டளைகளை மறைத்து அனுப்பினால், கணினியைத் தம் வயப்படுத்த முடியும். அதற்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை.

ஒட்டு வந்தது, போடுவாரில்லை

2017ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், மைக்ரோசாப்ட் நிறுவனம் இவ்வோட்டைக்குரிய ஒட்டினை வெளியிட்டது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 14ஆம் நாள், அதே ஓட்டையின் வழியே நுழையும் கருவி ஒன்றை மறைமுகக் குழு ஒன்று இணையத்தில் பரப்பியது. மே 12ஆம் நாள், வான்னாகிரை என்னும் கணினிப் புழு அக்கருவியைக் கொண்டு உலகத்தைத் தாக்கியது.

புழு என்று பெயர் வரக் காரணம் உண்டு. எவரும் எதனையும் அழுத்தாமலே அது ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானே ஊர்ந்து சென்றது. புகுந்த இடத்தில் இருந்த கோப்புகளைப் படிக்க இயலாத குறிகளாக மாற்றியது. அவற்றை மீட்க வேண்டுமானால் 300 டாலர் தருக, மூன்று நாள் கடந்தால் 600 டாலர் தருக என்று மிரட்டியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் பாதிப்புற்றன.

இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவச் சேவை பெரிதும் அல்லலுற்றது. மருத்துவமனைகளை நடத்தும் 236 அமைப்புகளில் குறைந்தது 81 அமைப்புகளின் பணி பாதிக்கப்பட்டது. மருத்துவர்கள் நோயாளியின் குறிப்புகளைத் திறக்க முடியாமல் தாளும் பேனாவும் கொண்டு பணியாற்றினர். ஐந்து இடங்களில் அவசரப் பிரிவுக்கு வந்தோர் தொலைவிலுள்ள வேறு மருத்துவமனைகளுக்குச் செல்ல நேர்ந்தது. புற்றுநோயோ என ஐயுற்று விரைந்து பார்க்கப்பட வேண்டியவர்களுள் 139 பேரின் சந்திப்பு நாள்கள் நீக்கப்பட்டன. ஒரு கணினிப் பிழை, நோயுற்ற மனிதரை வாசலில் நிறுத்திவிட்டது!

அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் இதனை ஆராய்ந்து, அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. புழு புகுந்த மருத்துவ அமைப்புகள் அனைத்திலும், ஒட்டுப் போடாத கணினிகளோ ஆதரவு நிறுத்தப்பட்ட பழைய இயங்குதளங்களோ இருந்தமை தெரிய வந்தது. ஒட்டுப் போடுமாறு மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கை அனுப்பப்பட்டிருந்தமையும் அதில் கூறப்பட்டது. மருந்து இரண்டு திங்களாகக் கையில் இருந்தது; உட்கொள்ளப்படவில்லை.

இதனைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட இயலாது. பெரிய மருத்துவமனையில் கணினியை நிறுத்தி இயக்குவது எளிதன்று. சில மருத்துவக் கருவிகள் பழைய இயங்குதளத்தை நம்பியே ஓடுகின்றன. எனினும், கடினமான வேலையைத் தள்ளிப்போட்டதால் அதனினும் கடினமான வேலை வந்து சேர்ந்தது.

தாமதம் ஏன் தீது?

ஒட்டு வெளியாகும் நாளில் ஓட்டை இருக்கும் இடமும் ஊருக்குத் தெரிந்துவிடுகின்றது. திருடரும் அவ்வொட்டை ஆராய்ந்து, அது எதனை மூடுகின்றது என்று கண்டுகொள்வர். ஆதலால் அன்று முதல் நமக்கும் அவர்களுக்கும் ஓட்டப்பந்தயம் தொடங்கிவிடுகின்றது.

வான்னாகிரை பரவிய அன்றே, இங்கிலாந்தைச் சேர்ந்த மார்கஸ் ஹட்சின்ஸ் என்னும் 22 வயது இளைஞர், புழு ஓர் இணைய முகவரியைத் தேடுவதையும் அம்முகவரியை எவரும் பதிவு செய்யாமலிருப்பதையும் கண்டார். அவர் அதனைத் தம் பெயரில் பதிந்தார். அங்கிருந்து மறுமொழி கிடைக்கவே, புழு தன் செயலை நிறுத்திக்கொண்டது. ஆயினும் முன்னரே பூட்டப்பட்ட கோப்புகள் அதனால் திறக்கவில்லை. மேலும், ஜூன் 27ஆம் நாள் உக்ரைனில் தொடங்கிய நாட்பெட்யா என்னும் மற்றொரு புழு, அதே ஓட்டையையும் பயன்படுத்தியது. அது ஒட்டில்லாத ஒரு கணினியில் புகுந்து, அங்குக் கிடைத்த கடவுச்சொற்களைக் கொண்டு, ஒட்டுப் போட்ட பக்கத்துக் கணினிகளையும் தாக்கியது. ஒரு வீட்டின் பின்புறம் தேங்கிய நீர், லயம் முழுவதற்கும் டெங்கிக் காய்ச்சலைக் கொண்டுவருவது போன்றதே இது. நம் கணினியைக் காப்பது அண்டை வீட்டாரைக் காப்பதும் ஆகும்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

1. புதுப்பித்தல் அறிவிப்பு வந்தால் அன்றே நிறுவுக. இணையச் செலவு மிகுமென்று அஞ்சுவோர், வைஃபை உள்ள இடத்தில் அதனைச் செய்துகொள்ளலாம்.

2. புதுப்பித்தலைக் கருவியின் அமைப்புப் பகுதியிலிருந்தே பெறுக. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை அழுத்திப் பெறுதல் கூடாது. திருடரும் அவ்வாறே அழைப்பர்.

3. நிறுவியபின் கருவியை நிறுத்தி மீண்டும் இயக்கச் சொன்னால் அவ்வாறே செய்க. அதுவரை சில ஒட்டுகள் செயல்படா.

4. படங்கள், சான்றிதழ்கள் முதலியவற்றுக்கு மற்றொரு படி எடுத்து, கணினியோடு இணைக்காமல் தனியே வைத்திடுக.

5. பழைய கருவிக்கு ஒட்டு வருகின்றதா என்று பார்த்திடுக. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. ஒட்டு வராத கருவியில் வங்கிக் கணக்கைத் திறத்தல் நன்றன்று.

மாணவர்களே! இல்லத்தில் பெற்றோரின் கைப்பேசியில் அறிவிப்பு ஏதேனும் காத்திருக்கின்றதா என்று இன்று மாலையே கேளுங்கள். இருக்குமாயின், இங்குக் கற்றதை அவர்களுக்கு எடுத்துரைத்து, அவர்களின் இசைவோடு நிறுவுங்கள். மழை வருமுன் கூரையைச் சீர்செய்யும் குடும்பமே மழைநாளில் நிம்மதியாக உறங்கும்.