ஒரு நாள்தானே!

"ஒரு நாள்தானுங்க டீச்சர்! அம்மிச்சி ஊர்ல நோம்பி. புள்ள ரொம்ப ஆசப்பட்டா, கூட்டிட்டுப் போயிட்டோமுங்க."

துடியலூர் வட்டாரத்தில் தொடக்க வகுப்பு எடுக்கும் எந்த ஆசிரியைக்கும் இந்தப் பேச்சு புதிதன்று. நோம்பி முடிந்தால் சீர். சீர் முடிந்தால் கெடாவெட்டு. அதுவும் முடிந்தால் தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. பெற்றோர் பொய் சொல்வதில்லை. ஒவ்வொரு காரணமும் உண்மையே. ஒவ்வொரு முறையும் ஒரு நாள்தான் என்பதும் உண்மையே. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பெற்றோர்களிடமும் மாணவச் செல்வங்களிடமும் சிறிது பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாட்கள் பள்ளி நடக்க வேண்டும் என்கிறது. மாதத்துக்கு இரண்டே நாள் வராத குழந்தை, பத்து மாதத்தில் 20 நாட்களை இழக்கிறாள். ஐந்து ஆண்டுகளில் 100 நாட்கள். அதாவது, ஐந்தாம் வகுப்பை முடிக்கும்போது அவள் அரை ஆண்டுப் படிப்பைப் படிக்காமலே முடித்திருக்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் இதைக் கரும்பலகையில் எழுதியபோது, ஒரு தாயார் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அவ்வளவா வருதுங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் வருகிறது.

ஆனால், எத்தனை நாள் போயிற்று என்பதைவிட எந்த நாள் போயிற்று என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. என் வகுப்பில் ஒரு சிறுமி 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதினாள். ஒரு கணக்கில் மட்டுமல்ல, பக்கம் முழுவதும் இதே வகைத் தவறு. இரண்டிலிருந்து ஏழு போகாதே, என்ன செய்வது? ஏழிலிருந்து இரண்டைக் கழித்து வைத்துவிட்டாள்! கடன் வாங்கிக் கழிக்கும் பாடம் நடந்த நாளில் அவள் வகுப்பில் இல்லை. அடுத்த நாள் வந்தாள். எல்லோரும் கடன் வாங்கிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். யார் கடன் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். அடுத்த வாரம் கணக்குப் பாடவேளை வரும் நாட்களில் வயிற்று வலி வரத் தொடங்கியது. ஒரு நாள் வராமை இன்னொரு நாளைக் கூட்டி வருவது இப்படித்தான். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினேன். இரண்டு இடைவேளைகளில் அவளுக்குப் புரிந்துவிட்டது. வயிற்று வலியும் நின்றது.

பசியின் காரணமாகவே பிள்ளைகள் வராதிருந்த காலம் ஒன்று இருந்தது. 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு வழங்கத் தொடங்கியது. அப்போது தியாகராயச் செட்டியார் அதன் தலைவராக இருந்தார். சிறு வயதிலேயே பள்ளியை விட நேர்ந்த காமராஜர், முதலமைச்சரான பின் 1956இல் மதிய உணவைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியது. அது 2024இல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. "ஏன் வரவில்லை?" என்று பிள்ளையை மிரட்டாமல், "எது தடுக்கிறது?" என்று கேட்டவர்களால் வந்த மாற்றம் இது.

அதே கேள்வியை இன்று நம் வீடுகளில் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "மூத்த பெண்" என்பதே. அம்மாவுக்கு மில்லில் காலை ஷிப்ட், சின்னதுக்குக் காய்ச்சல், யார் வீட்டில் இருப்பது? பத்து வயது அக்காள்தான். எட்டு வயது அண்ணனை யாரும் நிறுத்துவதில்லை என்பதையும் நான் கவனித்திருக்கிறேன். தாய்மாரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. கூலியை விட்டால் அடுப்பு எரியாது. ஆயினும் பக்கத்து வீட்டு ஆத்தாவையோ அங்கன்வாடியையோ ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம் அல்லவா? அப்பாவும் ஒரு நாள் விடுப்பு எடுக்கலாம், சட்டம் தடுக்கவில்லை!

பள்ளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட்டோம். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஒன்றாம் வகுப்போடு வீட்டுக்குப் போன குழந்தைகள் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். பென்சில் பிடிக்கும் பழக்கமே சிலருக்கு விட்டுப் போயிருந்தது. 'ண'வையும் 'ன'வையும் திரும்ப முதலிலிருந்து எழுதிப் பழக்கினோம்.

இனி மறுபக்கம். காய்ச்சல், அம்மை, கண்வலி என்றால் தயவுசெய்து அனுப்பாதீர்கள். முழு வருகைப் பரிசு என்று ஒன்று பல பள்ளிகளில் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு பற்று இல்லை. முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், உடம்பு கொதிக்க வந்த குழந்தை, "பரிசு போயிடும் டீச்சர்" என்று அழுதது இன்னும் நினைவில் இருக்கிறது. பரிசு அவளுக்குக் கிடைத்தது; அவள் பெஞ்சில் இருந்த இருவருக்குக் காய்ச்சல் கிடைத்தது.

நோம்பிக்கும் போகத்தான் வேண்டும். ஆனால் நோம்பி திடீரென்று வருவதில்லையே. பூச்சாட்டும்போதே நாள் தெரிந்துவிடுகிறது. அப்போதே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அன்றைக்குப் புதுப் பாடம் இருந்தால் ஒரு நாள் தள்ளி வைக்க முடியுமா என்று பார்ப்பேன். முடியாவிட்டால் மறுநாள் இடைவேளையில் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லித் தருவேன். திரும்பி வந்த அன்று இரவு, பக்கத்து வீட்டுத் தோழியின் நோட்டை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தீக்குச்சிக் கட்டுகள் என் மேசை அறையில் எப்போதும் இருக்கும்.