கடலில் சிப்பி வேளாண்மை

நிலத்தில் பயிர் விளைப்பது போலக் கடலில் சிப்பி விளைப்பதும் மேலை நாடுகளில் பழந்தொழில் ஆகும். 1235ஆம் ஆண்டில் கப்பல் உடைந்து பிரான்சு நாட்டின் எகியோன் விரிகுடாவில் கரையேறிய வால்ட்டன் என்னும் அயர்லாந்து மாலுமி, பறவை பிடிக்கக் கழிகளை நட்டு வலை கட்டினான் என்றும், அக்கழிகளில் சிப்பிகள் செழித்து வளரக் கண்டு அதனையே தொழிலாக்கினான் என்றும் ஒரு கதை வழங்குகிறது. இன்றும் அங்கே கழிகளில் சிப்பி வளர்க்கின்றனர். இத்தொழிலில் இரை இடும் வேலை இல்லை. கடல்நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சிப்பி தானே உண்ணும்.

மீன் வளர்ப்போ அத்தகையதன்று. கூண்டில் அடைத்த சால்மன் மீன்களுக்கு நாள்தோறும் இரை இடவேண்டும். தின்னாது சிதறிய இரையும் மீன்களின் கழிவும் நீரை மாசுபடுத்தும். இதற்கு வழி காண விரும்பிய அறிஞர்கள், கனடா நாட்டின் பண்டி விரிகுடாவில் 2001ஆம் ஆண்டு முதல் மீன் கூண்டுகளின் அருகே சிப்பிகளையும் கடற்பாசியையும் சேர்த்து வளர்த்து ஆராய்ந்தனர். நீரில் மிதந்த நுண்துகள்களைச் சிப்பி உண்டது; நீரில் கரைந்த சத்தினைப் பாசி ஏற்றது. கூண்டுகளுக்குத் தொலைவில் வளர்ந்தவற்றைக் காட்டிலும் அருகில் வளர்ந்த சிப்பிகள் விரைந்து பருத்தன.

ஆயினும் இம்முறை குறையற்றதன்று. பிற இடங்களில் நடந்த சில ஆய்வுகளில் சிப்பியின் வளர்ச்சி அத்துணை மிகவில்லை. மேலும், கனத்த கழிவு கடலடியில் படிந்துவிடும். கயிற்றில் தொங்கும் சிப்பிக்கு அஃது எட்டாது. ஆதலின், அளவறிந்து இரை இடுவோனுக்கே சிப்பி துணையாகும். அளவு மறந்தவனின் கடலைச் சிப்பியும் காவாது.