பதக்கத்திற்கு முன்னும் பின்னும்

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் முகமட் ரிட்சுவான் முகமட் புஸி 100 மீட்டர் ஓட்டத்தை 12.07 வினாடியில் ஓடி முடித்தார். பாராலிம்பிக் போட்டியில் மலேசியா பெற்ற முதல் தங்கப் பதக்கம் அது. 1972ஆம் ஆண்டில் முதன்முதலாக அப்போட்டியில் கலந்துகொண்ட நம் நாடு, அந்தத் தங்கத்திற்காக 44 ஆண்டுகள் காத்திருந்தது. ரியோவில் முகமட் சியாட் சொல்கெஃப்லி குண்டு எறிதலிலும், அப்துல் லத்திப் ரொம்லி நீளம் தாண்டுதலிலும் தங்கம் வென்றனர்.

இம்மூவருக்கும் அரசு தலா ஒரு மில்லியன் ரிங்கிட் ஊக்கத்தொகையும், மாதந்தோறும் 5,000 ரிங்கிட் வாழ்நாள் ஓய்வூதியமும் வழங்கியது. ஒலிம்பிக்கில் தங்கம் வெல்பவருக்கு ‘ஷாகாம்’ எனப்படும் வெற்றிப் பரிசுத் திட்டம் நிர்ணயித்த தொகையும் இதுவே. முன்னர், மாற்றுத்திறனாளி விளையாட்டாளர்களுக்கு இதைவிடக் குறைவான தொகையே வழங்கப்பட்டு வந்தது. வியர்வைக்கு வேறுபாடு இல்லை. ஆகவே வெகுமதிக்கும் வேறுபாடு இருக்கக்கூடாது என்பதை இம்மாற்றம் உணர்த்தியது.

ஆயினும், பரிசுத்தொகை வெற்றிக்குப் பின்னரே கைக்கு வருகிறது. செலவோ பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அன்றாடம் பயன்படுத்தும் சக்கர நாற்காலியைக் கொண்டு பந்தயத்தில் ஓட இயலாது. பந்தய நாற்காலி மூன்று சக்கரங்கள் கொண்டது. விளையாட்டாளரின் உடலளவுக்கு ஏற்பச் செய்யப்படுவது. வளரும் பருவத்தினருக்கு அது சில ஆண்டுகளிலேயே சிறியதாகிவிடும். பார்வையற்ற ஓட்டக்காரருக்கு உடன் ஓடும் வழிகாட்டி தேவை. எனவே, பயணம், உணவு, தங்குமிடம் ஆகிய அனைத்தும் இருவருக்கான செலவாகின்றன.

தொலைவும் ஒரு தடையாகும். எடுத்துக்காட்டாக, எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த கேரி தீவில் வாழும் ஒரு மாற்றுத்திறனாளி மாணவரை எண்ணிப் பார்க்கலாம். தேசிய அளவிலான பாராலிம்பிக் பயிற்சி மையம் கோலாலம்பூரில், கம்போங் பாண்டானில் உள்ளது. அங்குச் செல்ல அவர் முதலில் பாலத்தைக் கடந்து பெருநிலத்தை அடைய வேண்டும். பின்னர் நகரை நோக்கி நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டும். உடன் செல்லும் தாயோ தந்தையோ அன்றைய வேலையை விட வேண்டியிருக்கும். திறமை இருந்தும் போக்குவரத்துச் செலவாலேயே அம்மாணவரின் பயிற்சி நின்றுபோகக்கூடும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அடிப்படைத் துணைக்கருவிகளை வாங்கும் செலவில் 6,000 ரிங்கிட் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. இது நல்ல சலுகை. ஆனால், வருமான வரி செலுத்தும் அளவுக்கு ஊதியம் பெறாத குடும்பத்திற்கு இதனால் பயன் விளைவதில்லை. உதவி மிகவும் தேவைப்படுவோருக்கு நேரடி நிதியுதவியே கைகொடுக்கும்.

தொடக்கத்தில் கிடைக்கும் ஆதரவு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குத் தமிழ்நாட்டு வீரர் மாரியப்பன் தங்கவேலு சான்றாவார். சேலம் மாவட்டத்திலுள்ள பெரியவடகம்பட்டியில் பிறந்த அவர், ஐந்து வயதில் பேருந்து விபத்தில் சிக்கினார். அவருடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டுதலில் ஈடுபடுத்தினார். 2013ஆம் ஆண்டு தேசியப் போட்டியில் அவரது திறனைக் கண்ட பயிற்றுநர் சத்தியநாராயணா, பின்னர் பெங்களூரில் அவருக்குப் பயிற்சியளித்தார்.

ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டி மாரியப்பன் தங்கம் வென்றார். தமிழக அரசு அவருக்கு இரண்டு கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. தமக்குக் கிடைத்த பரிசுத்தொகையிலிருந்து 30 லட்சம் ரூபாயைத் தாம் பயின்ற அரசுப் பள்ளிக்கு வழங்க முன்வந்தார். கோடிகள் வருவதற்கு முன் தமக்குத் தோள்கொடுத்த இடத்தை அவர் மறக்கவில்லை.

மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், விளையாட்டில் பங்கேற்பதை அவர்களின் உரிமையாக ஏற்றுள்ளது. தேசிய விளையாட்டு மன்றம் தேசிய வீரர்களுக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் அளிக்கிறது. மாநில வீரர்கள் தம் திறனைக் காட்டப் ‘பாரா சுக்மா’ போட்டி வாய்ப்பளிக்கிறது. இருப்பினும், அந்நிலையை எட்டுவதற்குரிய முதற்படி பள்ளித் திடலிலும் குடியிருப்புப் பகுதியிலுமே அமைகிறது.

அப்படியில் நிற்பவருக்குப் பெருந்தொகை தேவைப்படுவதில்லை. பயிற்சிக்குச் செல்ல ஒரு வாகனம், பொருத்தமான ஒரு கருவி, வாரந்தோறும் நேரம் ஒதுக்கும் ஒரு பயிற்றுநர் ஆகியவை போதும். பள்ளிகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் வட்டார நிறுவனங்களும் இணைந்தால் இவற்றை ஏற்பாடு செய்ய இயலும். வென்றவரைப் பாராட்டுவது கடமை. வெல்லக்கூடியவர் தொடக்கத்திலேயே நின்றுவிடாமல் காப்பது அதனினும் பெரிய கடமையாகும்.