ஊரே சேர்ந்து கரண்ட் வாங்கலாமா?

கேள்வி: வெளிநாடுகளில் ஊரே கூடி மின்சாரம் வாங்குகிறார்களாமே, எங்கள் ஊரில் நடக்குமா?
– வாசகர், வீரசோழன்

பதில்: அமெரிக்காவில் நடக்கிறது. மாசசூசெட்ஸ் 1997இலும் கலிபோர்னியா 2002இலும் இதற்குச் சட்டம் கொண்டுவந்தன. ஊராட்சி மன்றம் எல்லா வீடுகளின் தேவையையும் ஒன்றாகத் திரட்டி, உற்பத்தியாளரிடம் மொத்தமாக விலை பேசும். கம்பமும் கம்பியும் பழைய நிறுவனத்திடமே இருக்கும். பிடிக்காத வீட்டார் விலகிக்கொள்ளலாம்.

நம் வீட்டு இணைப்புக்கு அந்த வழி இல்லை, மின்வாரியம்தான் விற்கும். வாரியத்துக்கு வெளியே பசுமை மின்சாரம் வாங்க 2022ஆம் ஆண்டு மத்திய விதி வழிவிட்டது, ஆனால் 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்பளு உள்ளவர்களுக்குத்தான்.

நமக்கு நெருக்கமான பாடம் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை. சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006இல் அந்த ஊராட்சி சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. அது நிற்பது உடுமலைப் பக்கம் மைவாடியில். மின்சாரம் வாரியக் கம்பியில் சேரும். தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் செலவு போக மிச்சம் வாரியத்துக்கே விற்பனை. எனக்கு மிகப் பெரிய செய்தி, ஒரு ஊராட்சி கடன் வாங்கத் துணிந்ததுதான்.

உங்கள் கரிசல் சீமைக்கு வெயில்தான் சொத்து. பக்கத்துக் கமுதியில் 2016லிருந்து 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஓடுகிறது. அடுத்த கிராம சபையில் குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஊராட்சி கட்டும் ஓராண்டு மின்கட்டணத்தைக் கேளுங்கள். எத்தனை கிலோவாட் சூரியப் பலகை வேண்டும் என்ற கணக்கை அங்கிருந்துதான் தொடங்க முடியும்.