பீப்பாய்க் கிடங்கு மீண்டும் நாடக அரங்கானது

ஒரு கட்டடம் பாழடைவதற்கு மழையும் கறையானும் மட்டுமே காரணங்கள் அல்ல. அது எவருக்கும் பயன்படாமற் போவதே முதற்காரணமாகும். அவ்வாறு பயனிழந்த ஒன்றை ஊர் மக்களே மீட்டெடுத்த வரலாற்றை இங்குக் காண்போம்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்னும் சிறு நகரம் உள்ளது. அங்குள்ள 'தியேட்டர் ராயல்' என்னும் நாடக அரங்கு 1819-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த வில்லியம் வில்கின்ஸ் என்பவரே பின்னாளில் இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தையும் வடிவமைத்தார். அந்நாளில் நாடகக் குழுவினர் ஊர் ஊராகச் சென்று நடித்தனர். இந்நகரில் ஆண்டுச் சந்தை கூடும் காலத்தில் வந்து தங்கினர். செல்வர்களுக்குத் தனி மாடங்கள் இருந்தன. உழைப்பாளர் குறைந்த கட்டணத்தில் மேல்மாடியில் அமர்ந்து பார்த்தனர்.

1892-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் பிராண்டன் தாமஸ் எழுதிய 'சார்லியின் அத்தை' என்னும் நகைச்சுவை நாடகம் இங்கேதான் முதன்முதலாக மேடையேறியது. பின்னர் அது இலண்டனில் தொடர்ந்து 1,466 முறை நடிக்கப்பட்டது. சிற்றூர் மேடையில் பிறந்த கலை தலைநகரையும் வென்றது.

எனினும், திரைப்படம் பரவியபோது நாடகத்திற்குக் கூட்டம் குறைந்தது. எதிரே பீர் தயாரித்து வந்த கிரீன் கிங் நிறுவனம் 1920-இல் இக்கட்டடத்தை வாங்கியது. 1925-இல் அரங்கு மூடப்பட்டது. பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்குப் பீப்பாய்களே அடுக்கப்பட்டிருந்தன. ஆயினும் கட்டடம் இடிக்கப்படவில்லை. கிடங்காகவேனும் பயன்பட்டதால் அது நிலைத்து நின்றது.

1960-களில் ஓய்வுபெற்ற விமானப்படை உயர் அதிகாரி ஸ்டான்லி வின்சென்ட் தலைமையில் ஊர் மக்கள் ஒன்றுகூடினர். 37,000 பவுனுக்கு மேல் நிதி திரட்டினர். 1965-இல் அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது. 1975-இல் அது 999 ஆண்டுக் குத்தகையில் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. இதனால் அதன் எதிர்காலம் ஒரு தலைமுறையின் ஆர்வத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை நீங்கியது.

2005 முதல் 2007 வரை 53 இலட்சம் பவுன் செலவில் பெரும் புதுப்பிப்புப் பணி நடைபெற்றது. புதுப்பித்தல் என்பது பழையதைப் புதியதுபோல் மாற்றுவதன்று. முதல் வடிவத்தைத் தேடி அறிந்து மீட்பதாகும். அதற்கேற்ப 1819-இல் இருந்ததுபோன்று முன்மேடையும் மாடங்களும் சீரமைக்கப்பட்டன. உட்கூரையில் வானம் தீட்டப்பட்டது. அக்காலத்தைச் சேர்ந்த, மறக்கப்பட்டிருந்த நாடகங்களும் மேடைக்குத் திரும்பின. மேடையும் நாடகமும் சேர்ந்து மீண்டபோதே பணி முழுமை பெற்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டியவை மூன்று. கூரை கெடாமல் காத்தால்தான் பிற்காலத்தவருக்கு மீட்பதற்கு ஒன்று எஞ்சும். பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் உறுதிசெய்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புதுப்பித்த இடத்தில் மக்கள் கூட வேண்டும். நம் குடியிருப்பில் பூட்டிக் கிடக்கும் பொது மண்டபம் ஏதேனும் இருப்பின், அதன் கதவைத் திறந்து பார்ப்பதே முதற்பணியாகும். பணம் அதன்பின் தேட வேண்டியது.