வேப்ப மர அடிக்கட்டையும் ஐந்து லோடு மண்ணும்

கேள்வி: மந்தைவெளியில் நான்கு வீடுகள் உள்ள பழைய அடுக்ககத்தில் தரைத்தளம் எங்களுடையது. பின்புறக் காலி இடத்தில் நின்ற வேப்ப மரம் போன மழையில் சாய்ந்துவிட்டது. அறுத்து அப்புறப்படுத்தினோம், அடிக்கட்டை மட்டும் மதிலோரம் இருக்கிறது. தெருவை மேல் மேலாகப் போட்டதில் எங்கள் இடம் பள்ளமாகிவிட்டது. ஜேசிபி வைத்துக் கட்டையைத் தோண்டிவிட்டு, ஐந்து லோடு செம்மண் அடிக்க நினைக்கிறோம். லாரிக்காரர், "பில்லெல்லாம் வேண்டாம் சார், ராத்திரி தட்டிட்டுப் போயிடறோம்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ கேஸ் போடுவேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில், அந்த இடம் உங்களுக்கு மட்டும் சொந்தமா என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தரைத்தளத்தில் குடியிருப்பதாலேயே பின்புறம் உங்களுடையதாகிவிடாது. தனி உரிமை எழுதித் தரப்படவில்லை என்றால் அது நால்வருக்கும் பொதுவான, பிரிக்கப்படாத பங்கு (யு.டி.எஸ்.) நிலம். மற்ற மூவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஜேசிபியை உள்ளே விட வேண்டாம்.

சொந்த மனையில் தானாக விழுந்த மரத்தின் கட்டையை எடுப்பதில் பெரிய சிக்கல் இல்லை. விழுந்து கிடந்தபோது எடுத்த படங்களைப் பத்திரமாக வையுங்கள். இதுவே தெருவோர மரமாக இருந்தால் கட்டையும் மாநகராட்சிக்குச் சொந்தம். 1913 என்ற எண்ணில் அழைத்துச் சொல்லி அவர்களையே எடுக்கவைக்க வேண்டும். தோண்டுவதற்கு முன் மின்வாரியத்தின் கேபிளும் மெட்ரோ வாட்டர் குழாயும் எந்தப் பக்கம் போகின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறுந்தால் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சை வெறும் மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இரண்டு இடங்களில் அவருக்குக் கைகொடுக்கிறது. ஒன்று, மதில். உங்கள் மண்ணின் தாங்கலில் அவருடைய சுவர் 20 ஆண்டுகளுக்கு மேல் இடையூறின்றி நின்றிருந்தால், 15ஆம் பிரிவின்படி அந்தத் தாங்கலை உரிமையாகவே அவர் கோரலாம். வேரைப் பறிக்கும்போது சுவர் விரிசல் விட்டால் நஷ்டஈடு கேட்பார். மதிலை ஒட்டிய வேரை ஜேசிபியால் இழுக்காமல், ஆள் வைத்துக் கோடாரியால் வெட்டி எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது, தண்ணீர். எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். மேட்டு நிலத்தில் பெய்யும் மழை இயல்பாகப் பள்ள நிலத்துக்கு வடிவதைப் பள்ளத்துக்காரர் தடுக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு. இன்று பள்ளம் உங்களுடையது. ஓரடி உயர்த்தினால் அவர் வீட்டுத் தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். உரிமையியல் நீதிமன்றத்தில் அவர் தடையுத்தரவு கேட்டால் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் மொட்டைமாடிக் குழாயை உங்கள் பக்கம் திருப்பி விட்டிருக்கிறார் என்றால், அந்தத் தண்ணீருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

மண்ணுக்கு வருவோம். நிரப்பவும் சமன்படுத்தவும் பயன்படும் சாதாரண மண்ணை மத்திய அரசு 2000 பிப்ரவரியில் சிறு கனிமமாக அறிவித்துவிட்டது. குவாரியிலிருந்து வரும் ஒவ்வொரு லோடுக்கும் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு வேண்டும். அது இல்லாமல் கொண்டுவந்தால் வண்டி பறிமுதல் ஆகலாம், ஐந்து ஆண்டு வரை சிறைக்கும் கனிமச் சட்டத்தில் இடமுண்டு. அனுமதியில்லாத கனிமத்தைச் சேர்த்து வைப்பதும் அதே சட்டத்தில் குற்றம் என்பதால், லாரி போய்விட்டாலும் உங்கள் வாசலில் குவிந்த மண்ணுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே ராத்திரி லோடு வேண்டவே வேண்டாம். மேலே நாலு கூடை செம்மண், அடியில் இடித்த கட்டடத்து ராபிஷ் என்பது ஊரறிந்த வித்தை. தட்டிய குவியலை மண்வெட்டியால் நடுவில் கிளறிப் பாருங்கள். டைல்ஸ் சில்லும் சிமென்ட் கட்டியும் வந்தால் திருப்பி அனுப்புங்கள். அதில் செடியும் வளராது, மழைநீரும் ஒழுங்காக இறங்காது.

உங்கள் மனையிலேயே தோண்டிய மண்ணை அங்கேயே பரப்புவது வேறு விஷயம். அஸ்திவாரத்துக்குத் தோண்டி அதே மனையில் பயன்படுத்திய மண்ணுக்கு அபராதம் போட்ட உத்தரவுகளை, புணே கட்டுநர் சங்க வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கட்டையைச் சுற்றி எடுக்கும் மண்ணைத் தயங்காமல் குழிக்கே திருப்புங்கள். அப்படிச் செய்தால் ஐந்து லோடு தேவைப்படாது, இரண்டே போதலாம்.

பள்ளம் முழுவதையும் மேடாக்க வேண்டாம் என்பது என் அழுத்தமான யோசனை. மழைநீர்ச் சேகரிப்புக் குழி 2003 முதல் கட்டாயம். அதன் வாயை மூடினால் விதிமீறல், கோடையில் கிணறும் வற்றும். கட்டை இருந்த குழியை மட்டும் நிரப்பி, சரிவு உங்கள் மழைநீர்க் குழியைப் பார்த்து இருக்கும்படி சமன்செய்யுங்கள். மதிலோரம் ஒரு வடிகால் விடுங்கள். தெருவைப் பொறுத்தவரை, பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இலேயே தலைமைச் செயலாளர் உத்தரவிட்டிருக்கிறார். அதைச் சுட்டிக்காட்டி நாலு வீட்டாரும் கையெழுத்திட்டு மண்டல அலுவலகத்தில் மனு கொடுங்கள்; பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்கும் அதே தெருதான். வேலை தொடங்கும் தேதி, சரிவு எந்தப் பக்கம், வடிகால் எங்கே என்பதை அவருக்கு ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, பிரதியில் அவர் கையெழுத்தை வாங்கி வையுங்கள்.