கேம் பாய்க்குப் புது மேலோடு

மரக்காணத்தில் பிறந்தவர்களுக்கு உப்பின் குணத்தைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவுத் தாழ்ப்பாள், சைக்கிள் சங்கிலி, ஜன்னல் கம்பி எதுவானாலும் சில மழைக்காலம் தாண்டுமுன் துருவேறிவிடும். இந்தக் காற்றில் ஒரு சிறு விளையாட்டுக் கருவி பத்து ஆண்டுகளாக எங்கள் வீட்டில் பிழைத்திருந்தது.

அதன் பெயர் 'கேம் பாய் கலர்'. ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 1998-இல் வெளியிட்டது. சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது என் தாய்மாமா தமக்கென வாங்கியது. அவர் மறைந்தபின் எங்களிடம் வந்தது. சென்ற ஆண்டு திண்ணையிலிருந்து விழுந்து மேலோட்டின் ஒரு மூலை பெயர்ந்துவிட்டது. அப்பா சென்னை ரிச்சி தெருவில் புது ஓடு வாங்கி வந்தார். அது வேறு கம்பெனியார் அச்சில் வார்த்தது. "மாமா வைத்திருந்தது, பார்த்துச் செய்" என்று அம்மா ஒரே ஒருமுறை சொன்னார்கள்.

முதலில் பாட்டரிகளை எடுத்துவிட வேண்டும். பின்புறம் ஆறு திருகாணிகள். இரண்டு பாட்டரி அறைக்குள் இருக்கும். தலையில் மூன்று இறக்கை வடிவப் பள்ளம் இருப்பதால் சாதாரணத் திருப்புளி பிடிக்காது, அதற்கென்றே உள்ளது வேண்டும். எங்களுடையதில் இரண்டு துருப்பிடித்து அசையவில்லை. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரவு முழுவதும் வைத்தேன். கழிக்கப்போகும் ஓடுதானே, எண்ணெய் பட்டாலென்ன!

ஓட்டைப் பிரித்ததும் மின்சுற்றுப் பலகை தெரியும். அதையும் திரையையும் இணைப்பது காகிதம்போல் மெல்லிய ஒரு பட்டை. ஆபத்தெல்லாம் இங்கேதான், கிழிந்தால் கருவி போயிற்று. அதைப் பிடித்து இழுக்கக்கூடாது. சொருகுமிடத்தின் இரு ஓரத்திலும் உள்ள பழுப்புப் பூட்டை நகத்தால் சிறிது நகர்த்தினால் பட்டை தானாக விடுபடும். பிறகு பலகையின் மூன்று சிறு திருகாணிகளைக் கழற்றலாம். திரை கண்ணாடி, பழைய ஓட்டில் பசையால் ஒட்டியிருக்கும். அதைப் பெயர்க்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

பலகையில் அங்கங்கே வெண்மையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பச்சை என்பது செம்பு அரிக்கப்பட்டதன் அடையாளம். கடற்காற்றோடு வரும் உப்புத்துகள் உலர்ந்து கிடந்தால் அவ்வளவு தீங்கில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. உப்பளத்தில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பது இதுவே. அதற்கு 33 சதவீத ஈரமே போதும். நம் ஊரில் அது உலர்ந்திருக்கும் நாளே அரிது.

இப்படிப்பட்ட பலகையை ஆல்கஹால் தொட்டுத் துடைக்கும்படி பலரும் சொல்வார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அது சரி. ஆனால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் உப்பு கரையாது என்றே சொல்லலாம். எத்தனைமுறை துடைத்தாலும் இடம் மாறுமே தவிரப் போகாது. நீரில்தான் கரையும். ஆகவே வண்டி பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைப் பழைய பல்துலக்கியில் தொட்டு, ஒலிபெருக்கியின் காகிதம் நனையாமல், பலகையை மெல்லத் தேய்த்தேன். கிணற்று நீர் உதவாது, அதிலும் உப்பு உண்டு. பிறகுதான் ஆல்கஹால், அது மிச்ச நீரை ஏந்திக்கொண்டு விரைவில் உலரும். ஒருநாள் முழுதும் மின்விசிறியின்கீழ் வைத்தேன். மின்சாரமும் நீரும் பகை என்று பயந்த பாட்டிக்கு, பாட்டரி இல்லாதபோது பகையில்லை என்று விளக்கவே பாதிநாள் போயிற்று.

1990-91 வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் முன்பக்கம் உருகிக் கருகிய பழைய கேம் பாய் ஒன்று, அப்படியே வேலை செய்தபடி நியூயார்க்கில் பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது. தீயை வென்ற கருவி நம் உப்புக்காற்றை வென்றிருக்குமோ, சந்தேகம்தான்.

மூடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. திருகாணியை உடனே வலப்பக்கம் முறுக்காமல் முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றினால், 'டக்' என்று ஓரிடத்தில் இறங்கும். அதுவே பழைய மரையின் வாய். அங்கிருந்து முறுக்கினால் பிளாஸ்டிக் தேயாது. புது ஓட்டில் முதல்முறை மரை இராது, இறங்க மறுக்கும். ஆறாவது திருகாணியில் என் பொறுமை தீர்ந்து, அழுத்தி முறுக்கிவிட்டேன். அந்த மூலையில் மயிரிழைபோல் ஒரு கீறல் விழுந்தது.

பாட்டரி போட்டதும் மணியோசையோடு பெயர் திரையில் வந்தது. அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்கள். மாமா அந்தச் சத்தத்தோடுதான் எப்போதும் ஊருக்கு வருவாராம்.